ஆறு மணி வண்டியை நான் நிறுத்தி வைத்த நாள்

கரீம் பாயைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. இப்போதும் முழு மனதோடு எழுதுகிறேன் என்று சொல்ல முடியாது.

நான் வேலை பார்த்த பஸ் கம்பெனியில் இன்றைக்கு டிராஃபிக் சூப்பிரண்டாக இருப்பவர் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். காலேஜில் படித்தவர். "ஐயா, எனக்குக் கீழ ரெண்டு பேருங்க. ஒருத்தரை மேல தூக்கோணும். தூக்குனா இன்னொருத்தர் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்குவாரு. நீங்க என்னுங்க பண்ணுவீங்க?" என்று கேட்டார். தூக்கிவிடப்பட்டவர்களைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. தொங்கிய மூஞ்சியைப் பற்றித்தான் தெரியும். எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

தேர்ட் பாரம், அதாவது எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, சூலூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் இரண்டு வருஷம் சும்மா திரிந்துவிட்டு, பெரியப்பா மகன் நடத்திய பஸ் கம்பெனியில் டிக்கெட் கிழிக்கச் சேர்ந்தேன். ஒரு வருஷம் கண்டக்டர். இரண்டு வருஷம் கோயமுத்தூர் ஸ்டாண்டில் ஆள் கூப்பிடுகிற வேலை. பிறகு இங்கிலீஷில் நாலு வரி எழுத வரும் என்பதால் ஆபீஸ் குமாஸ்தா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் அந்த அண்ணன் காய்ச்சலில் போய்விட்டார். ஐந்து பஸ்ஸும் ஒரு தகரக் கொட்டகையும் அவருடைய மனைவி பழனாத்தாள் கைக்கு வந்தன.

உறவுமுறையில் எனக்கு அண்ணி. ஆனால் கொட்டகைக்குள் அந்த வார்த்தையைச் சொல்லவிட மாட்டார்; அங்கே எல்லாருக்கும் போல எனக்கும் அவர் 'அம்மா'தான். "இங்க நான் மொதலாளி, நீங்க குமாஸ்தா. ஒறம்பரையெல்லாம் ஊட்டுல வெச்சுக்கலாமுங்க தம்பி" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். விற்றுவிடுவார் என்று ஊரே எதிர்பார்த்தது. அவர் விற்கவில்லை. ஒரு மேனேஜரை வைப்பார், அது நானாகத்தான் இருக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். என்னைத் தவிர அந்தக் கொட்டகையில் யாருக்குப் படிப்பு இருந்தது? யாருக்கு ரத்த சம்பந்தம் இருந்தது?

அவர் கம்பெனி நடத்திய விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில், வண்டிகள் போன பிறகு, மிச்சமிருக்கிற எல்லாரையும் கொட்டகையில் கூட்டுவார். உடைந்த பஸ்ஸிலிருந்து கழற்றிய ஒரு சீட்டைச் சுவரோரம் போட்டு அதில் உட்காருவார். பேச வேண்டிய விஷயத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார். முதலில் பேச வேண்டியது கிளீனர் ரங்கன். அதற்குப் பிறகு கண்டக்டர், டிரைவர், ஃபிட்டர் என்று வரும். குமாஸ்தாவான என் முறை கடைசி. முதல் வாரமே நான் முந்திக்கொண்டு பேச வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க பேசிப்போட்டா, அப்பறம் ரங்கன் அதையவே திருப்பிச் சொல்லுவானுங்க. அவன் மனசுல என்ன இருக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

யார் எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "கண்ணுல பாத்தீங்களா, காதுல கேட்டீங்களா?" காதில் கேட்டது என்றால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். எல்லாரும் பேசி முடித்த பிறகு முடிவைச் சொல்வார். கூடவே காரணத்தையும் சொல்வார். முடிவையும் காரணத்தையும் நான் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். காரணம் சொல்லாமல் அவர் ஒரு முடிவும் எடுத்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அப்போது கோயமுத்தூரைச் சுற்றிப் புதுப்புது மில்கள் எழும்பிக்கொண்டிருந்தன. நீலகிரிப் பைக்காரா அணையிலிருந்து கரண்டு வந்து மில் சங்குகள் வரிசையாக ஊதின. ஜனம் அங்கும் இங்கும் போக ஆரம்பித்திருந்தது. பல்லடம் வழியாகத் தாராபுரம் போகிற ரோட்டில் மூன்று கம்பெனி வண்டிகள் ஓடின. எந்த வண்டியும் மணிக்குக் கிளம்பாது. சீட்டு நிரம்பினால்தான் கிளம்பும். நிரம்பாவிட்டால் டிரைவர் இஞ்சினை உறுமவிட்டு, பத்தடி முன்னால் போய், பத்தடி பின்னால் வருவார். கிளம்பிய பிறகோ பேய் ஓட்டம். முன்னால் போகிறவனுக்குத்தான் அடுத்த ஊர் ஆள் கிடைக்கும் என்பதால் ஒரு வண்டியை இன்னொரு வண்டி முந்தும். எங்கள் வண்டி ஒன்று சூலூருக்கு அப்பால் புளியமரத்தில் மோதி, ஒரு பெண்ணுக்குக் கை முறிந்தது. அந்த வாரச் செவ்வாய்க்கிழமைதான் கரீம் பாய் தன் யோசனையைச் சொன்னார்.

அப்துல் கரீம் கோட்டைமேட்டுக்காரர். என்னைவிட ஐந்து வயது சின்னவர். அப்பா பூட்டு ரிப்பேர் செய்கிறவர். நாலாம் வகுப்போடு நின்றுவிட்டு எங்கள் கொட்டகையில் ஃபிட்டராகச் சேர்ந்தார். பானெட்டைத் திறக்காமலே சத்தத்தைக் கேட்டுக் கோளாறைச் சொல்லுவார். அதுவரைக்கும் எனக்கு அவர்மேல் எந்த வருத்தமும் இல்லை. கிரீஸ் கையோடு எழுந்து நின்றார்.

"நம்ம வண்டி மணிக்குக் கெளம்பட்டுமுங்க. ஆறு மணின்னா ஆறு மணி. நாலு பேரு இருந்தாலும் சரிங்க, ஆளே இல்லைன்னாலும் சரிங்க. மொதல்ல காலியாத்தான் ஓடும். அப்பறம் சனங்க மணியைப் பாத்து வருவாங்க. முந்த வேண்டியதும் இல்லீங்க."

நான் சிரித்துவிட்டேன். என் முறை வந்தபோது, காலி வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றிக் கம்பெனியை முடிப்பதற்கு இது நல்ல வழி என்று சொன்னேன். இரண்டு டிரைவர்களும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

"தம்பி சொல்றது நடக்கலாம். பாயி சொல்றதும் நடக்கலாம். மூணு மாசம் ஓட்டிப் பாக்கலாமுங்க. காரணம் எழுதிக்குங்க: நெரப்பி ஓட்டுனதுல ஒரு பொம்பளையோட கை போச்சு. காலியா ஓட்டுனா என்ற பெட்ரோல்தான் போகும்." பிறகு அதே மூச்சில், "தாராபுரம் லைனுக்கு கரீம் பாயி மேனேஜர். உத்தரவு எழுதுங்க" என்றார்.

அந்த உத்தரவை என் கையால்தான் எழுதினேன். என் நல்ல கையெழுத்தில், நான் உட்கார நினைத்த நாற்காலிக்கு இன்னொருவர் பெயரை எழுதினேன். எழுதி முடித்தும் இரண்டு நாள் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் அம்மா கேட்ட பிறகுதான் எடுத்துக் கொடுத்தேன். பாய் அதை வாங்கி, படிக்கத் தடுமாறி, "நீங்களே படிச்சுச் சொல்லுங்கண்ணா" என்றார். அதையும் செய்தேன்.

முதல் மாதம் எனக்கு நல்ல மாதம். வண்டி ஐந்து பேரோடு, மூன்று பேரோடு போயிற்று. எதிர்க் கம்பெனிக்காரர்கள் கை தட்டி வழியனுப்பினார்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை சீட்டு காலி என்பதை அம்மாவிடம் நானே போய்ச் சொல்வேன். இரண்டாம் மாதம் அந்தச் சந்தோஷம் குறைந்தது. சூலூரில் ஆறே முக்காலுக்கு ஆட்கள் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். பல்லடத்து வியாபாரிகள் ஆள் விட்டு நேரம் கேட்டு அனுப்பினார்கள். மூன்றாம் மாதம் சீட்டு பத்தவில்லை. பஸ்ஸின் நெற்றியில் என் அண்ணன் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. ஜனங்கள் அதைப் பார்க்கவே இல்லை. "பாய் வண்டி" என்றார்கள். ஒரு நாள் தாராபுரத்தில் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் புறப்படும்போது என் மனைவியே, "பாய் வண்டியிலயே போயிரலாமுங்க, நேரத்துக்குப் போயிரும்" என்றாள். அவளோடு இரண்டு நாள் பேசாமலிருந்தேன். ஏன் என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது.

பாய் தவறு செய்வார் என்று காத்திருந்தேன். அவர் தவறு செய்யவில்லை. நான்தான் செய்தேன்.

பாயின் தங்கைக்கு நிக்காஹ். மூன்று நாள் லீவு கேட்டார். அந்த மூன்று நாளும் கோயமுத்தூர் ஸ்டாண்டை நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அம்மா சொன்னார். இரண்டாம் நாள் காலை. ஆறு மணி வண்டியில் ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். பஞ்சு மண்டிக்காரர் ஒருவர் ஓடி வந்தார். குண்டடத்தில் கல்யாணம், பதினாறு பேர், பெண்டு பிள்ளைகள் குதிரை வண்டியில் வந்துகொண்டிருக்கிறார்கள், சித்த நேரம் பொறுக்க முடியுமா என்று கேட்டார். டிரைவர் பொன்னுச்சாமி என்னைப் பார்த்தார்.

"மணியாச்சுங்க."

"பொறு. நான் சொல்றேன்."

"பாயி வந்தா கேப்பாருங்க."

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. "இன்னிக்கு இங்க பாயி இல்ல, நான் இருக்கறேன்" என்றேன். நிரம்பி வழிகிற வண்டியை அனுப்பி, அம்மாவிடம் போய், "பாருங்க, காத்திருந்தா இத்தனை பேரு" என்று சொல்ல வேண்டும். என் மனதில் அது ஒன்றுதான் இருந்தது. குதிரை வண்டிகள் வந்து, பித்தளைப் பாத்திரமும் வாழைத்தாரும் மேலே ஏறி, இருபது பேர் உட்காரும் வண்டியில் இருபத்து நாலு பேரும் ஏறியபோது ஆறு ஐம்பது. நேரம் குறிக்கிற வண்டிச் சீட்டில், கிளம்பியது ஆறு மணி என்று எழுதினேன்.

பல்லடம் தாண்டி, குண்டடத்துக்கு நாலு மைல் இருக்கும்போது, பாரம் தாங்காமல் பின்பக்க ஸ்பிரிங் பட்டை உடைந்தது. மாற்றிப் போட்டு வண்டி தாராபுரம் போய்ச் சேரும்போது பன்னிரண்டரை மணி. ஒன்பதரைக்குப் போக வேண்டிய வண்டி. "ஸ்பிரிங் உடைந்து தாமதம்" என்று அதே சீட்டில் எழுதி ஃபைலில் வைத்தேன். பொன்னுச்சாமியும் கிளீனர் ரங்கனும் இதை அம்மாவிடம் சொல்லவில்லை. நான் முதலாளி வீட்டு உறவு.

நாலு நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, சூலூரிலிருந்து நாச்சிமுத்து என்று ஒரு குடியானவர் கொட்டகைக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். சத்தம் போடவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அம்மா முன்னால் நின்றார்.

தாராபுரம் பக்கம் தாய் வழியில் அவருக்கு மூன்று ஏக்கர் பூமி. கிணற்றில் அவருக்குள்ள பங்குத் தண்ணீரைப் பங்காளிகள் விடவில்லை. தாராபுரம் முன்சீப் கோர்ட்டில் கேஸ் போட்டிருந்தார். ஸ்பிரிங் உடைந்த அன்றைக்குத்தான் அவர் சாட்சி சொல்ல வேண்டிய நாள்; சூலூரில் அந்த வண்டியில்தான் ஏறியிருந்தார். அதற்கு முன்பே இரண்டு வாய்தா வாங்கியாகிவிட்டது. மூன்றாவது தரமாகக் கூப்பிட்டபோது ஆள் இல்லை. கேஸைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

"வேற கம்பெனி வண்டியா இருந்தா நான் முந்துன நாளே போயி தாராபுரத்துல படுத்திருப்பனுங்க" என்றார். "அந்த வண்டிகளை நம்ப முடியாதுன்னு தெரியுமுங்க. உங்க வண்டி மணிக்கு வரும்னு சொன்னாங்க. மூணு மாசமா நானும் பாத்தனுங்க. அதை நம்பித்தான் ஊட்டுல படுத்துப்போட்டேன்."

நாங்கள் நேரம் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் தப்பித்திருப்பார். இது எனக்கு அன்றைக்கு முழுதாக விளங்கவில்லை.

கம்பெனி வக்கீலைக் கூட்டிவரச் சொன்னார் அம்மா. வக்கீல் கேட்டுவிட்டு, கேஸைத் திரும்ப எடுக்க மனுப் போடலாம் என்றார். ஆனால் பஸ் தாமதமானது கம்பெனியின் தவறு என்று கம்பெனியில் ஒருவர் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். "அதை மட்டும் செய்யாதீங்கம்மா. அந்தக் காயிதத்தை எதிர்க் கம்பெனிக்காரன் எடுத்துட்டுப் போயி லைசென்ஸ் ஆபீஸ்ல காட்டுவான். வெள்ளகோவில் லைனுக்கு நாம விண்ணப்பம் போட்டிருக்கறோம். ஸ்பிரிங் உடைஞ்சது தெய்வச் செயல்னு விட்டுருங்க" என்றார்.

அம்மா எங்களைப் பார்த்தார். வழக்கம்போலக் கிளீனரில் ஆரம்பித்தார்.

"ரங்கா, அன்னிக்கு நீ வண்டியில இருந்தியல்ல. ஏன் லேட்டு?"

"ஸ்பிரிங் உடைஞ்சுபோச்சுங்க." தரையைப் பார்த்துச் சொன்னான்.

பொன்னுச்சாமியும் அதையே சொன்னார். அடுத்தது பாய். நிக்காஹ் முடிந்து முந்தின நாள்தான் வேலைக்கு வந்திருந்தார். அவருக்கு எல்லாம் தெரியும் என்பது அவர் என் பக்கம் திரும்பாமலிருந்ததிலேயே தெரிந்தது.

"ஸ்பிரிங் அப்பறமுங்க. வண்டியே அம்பது நிமிசம் லேட்டாத்தான் எடுத்தது. பாரமும் அதிகம். அந்த லைன் என்னுது. நான் இல்லாதப்ப எப்படி நடக்கோணும்னு ஒழுங்கு பண்ணாமப் போனது என்ற தப்புங்க. நாந்தான் நிறுத்தச் சொன்னேன்னு எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

"நீங்க ஊர்லயே இல்லீங்களே. நிறுத்துனது யாரு?"

"லைன் என்னுதுங்கம்மா. அதுக்கு மேல கேக்காதீங்க."

நான் சுற்றிலும் முகங்களைப் பார்த்தேன். பொன்னுச்சாமி கரீம் பாயைப் பார்த்த பார்வையை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. கோயிலில் நிற்கிறவர் பார்வை. ரங்கன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வக்கீல்கூட மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். இனி இந்த மனிதரை இவர்கள் யாரும் விடமாட்டார்கள் என்று தெரிந்தது. தப்பு செய்தது நான், பேர் வாங்குவது அவர். என் நாற்காலியை எடுத்தார், அண்ணன் பேரை எடுத்தார், கடைசியில் என் தப்பையும் எடுத்துக்கொண்டு போகிறாரே என்று உள்ளே பற்றி எரிந்தது.

"நிறுத்துனது நானுங்க" என்றேன். எழுந்தது எனக்கே தெரியவில்லை. "மண்டிக்காரர் ஊட்டுக் கல்யாணத்துக்காக நாந்தான் நிறுத்துனேன். சீட்டுல நேரத்தையும் மாத்தி எழுதுனேன். பாயிக்கு இதுல ஒரு பங்கும் கிடையாது."

மனசாட்சி உறுத்தி ஒப்புக்கொண்டேன் என்று பின்னாளில் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நானும் மறுக்காமல் இருந்திருக்கிறேன். உண்மை இதுதான்: அந்தக் கௌரவத்தை அவருக்கு விட்டுக்கொடுக்க என்னால் முடியவில்லை.

அம்மா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். முதலில் பாய் பக்கம்தான் திரும்பினார்.

"நீங்க செய்ய இருந்தது என்னன்னு தெரியுமுங்களா பாயி? கோர்ட்டுல பொய்ச் சத்தியம். இன்னொருத்தர் தப்ப மூடறதுக்கு மேனேஜர் வேலை குடுக்கல. இனி ஒருக்கா இப்படிச் செஞ்சா வேலையில இருக்க மாட்டீங்க."

பாய் தலை குனிந்தார். எனக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே இனிப்பு அதுதான். அதுவும் நாக்கில் நிற்பதற்குள் என் முறை வந்தது.

"ஒத்துக்கிட்டதுக்கு மெச்சுவேன்னு பாக்காதீங்க தம்பி. நாலு நாளா சும்மா இருந்திருக்கீங்க. தாராபுரம் போயி நீங்களே சத்தியம் பண்ணுங்க. திரும்பி வந்து பல்லடம் ஸ்டாண்டுல டைம் கீப்பரா நில்லுங்க. பாயிக்குக் கீழ." பிறகு வக்கீலிடம், "காரணமும் சொல்லிப்போடறனுங்க. ஒரு குடியானவனோட கெணத்தைக் குடுத்து என்ற லைசென்ஸைக் காப்பாத்திக்க மாட்டேன்" என்றார். அந்த முடிவையும் காரணத்தையும் நோட்டில் எழுதியதும் நான்தான்.

தாராபுரம் கோர்ட்டில் சத்தியம் செய்தேன். எதிர் வக்கீல், "கல்யாண வீட்டில் உமக்கும் சாப்பாடு உண்டா?" என்று கேட்டார். கோர்ட் முழுக்கச் சிரித்தது. கேஸைத் திரும்ப எடுத்தார்கள். எதிராளிக்கு ஆன செலவை அம்மா கொடுத்தார். நாச்சிமுத்துவுக்கு அடுத்த வருஷம் பங்காளிகளோடு ராஜியானதில் வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் கிடைத்தது. வக்கீல் சொன்னதும் பலித்தது. வெள்ளகோவில் லைன் எதிர்க் கம்பெனிக்குப் போயிற்று.

பல்லடத்தில் இரண்டு வருஷம் நின்றேன். பாய் வாரம் மூன்று நாள் வண்டியில் வந்து இறங்குவார், சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், சீட்டில் கையெழுத்து வாங்குவார், "வரட்டுங்களாண்ணா" என்று போய்விடுவார். ஒரு நாளாவது குத்திப் பேசுவார் என்று காத்திருந்தேன். பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நாச்சிமுத்துவும் மாதம் ஒரு முறை அந்த வண்டியில் போவார். என்னைப் பார்த்தால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

முப்பதுகள் முடிகிற சமயத்தில் பாய் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைக்கப் போவதாகச் சொன்னார். கோயமுத்தூரிலிருந்து எனக்கு ஆள் வந்தது. போனேன். தாராபுரம் லைனை இனி நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் அம்மா.

"எனக்கு மனசு இல்லீங்க தம்பி. வேற ஆள்தான் நெனச்சிருந்தேன். பாயிதான் உங்க பேரைச் சொன்னாரு. அவரு சொன்ன காரணம் எனக்குச் சரின்னு பட்டுது."

நேராகப் பாயிடம் போனேன். கொட்டகைக்கு வெளியே தன் ஸ்பேனர்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். நான் ஆசைப்பட்ட நாற்காலிகூட அவர் வாயிலிருந்துதான் எனக்கு வர வேண்டுமா என்ற எரிச்சலோடுதான் கேட்டேன்.

"எதுக்கு என்ற பேரைச் சொன்னீங்க?"

பாய் சிரித்தார். அத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

"உங்களுக்கு என் மேல நெம்பப் பொறாமைங்கண்ணா. எனக்கு மொதல் நாள்லிருந்தே தெரியும். வேற யாரு வந்தாலும் நான் செஞ்சதைக் காப்பாத்தினாப் போதும்னு இருப்பாங்க. காப்பாத்தறேன்னு இருக்கறவங்க கொஞ்சம் கொஞ்சமாக் கோட்டை விட்டுருவாங்க. நீங்க என்னை ஜெயிக்கோணும்னு நிப்பீங்க. ஒரு நிமிசம் விட மாட்டீங்க."

சாக்கின் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தேன். அவர் கட்டி முடித்தார்.

இருபத்தோரு வருஷம் அந்த லைனைப் பார்த்தேன். பாய் காலத்து வண்டிச் சீட்டுகளையும் என் காலத்துச் சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எவர் காலத்தில் வருஷத்துக்கு அதிக நாள் வண்டி பிந்தியது என்று ரிட்டயர் ஆவதற்கு முன்னால் பார்த்தேன். என் காலத்தில்தான் குறைவு. இதைச் சொல்லலாம் என்று ஒரு நாள் அவருடைய ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அவர் ஏதோ லாரிக்கு அடியில் படுத்திருந்தார். அங்கிருந்தபடியே கேட்டுவிட்டு, "எனக்குத் தெரியுமுங்கண்ணா, நானும் விசாரிச்சுக்கிட்டேதான் இருந்தேன்" என்றார்.